‘நன்மைக்கு மட்டும்’ என்றொரு நிபந்தனை

 

புத்தளம் மாவட்டத்தில் எழுத்தைப் பற்றிப் பேச வருகிறவர் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியை நினைத்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை. 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தொகுத்து ஒரு கசற்றியர் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற பெயரில் தந்தார். இரண்டுமே தொகுப்பு நூல்கள். பிறர் எழுதிவைத்ததும் வாய்வழி வந்ததும் இல்லாமல் அவற்றில் ஒரு பக்கம்கூட நிரம்பியிருக்காது. ஏற்கெனவே இருப்பதை எடுத்து, யாருடையது என்று சொல்லி, அதன்மேல் அடுத்ததைக் கட்டுவது அறிவுத்துறை எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மென்பொருள் துறை அந்த வழக்கத்தை மற்ற எந்தத் துறையையும்விட அதிகமாக நம்பி வாழ்கிறது. அங்கே ‘எடுத்துக்கொள்’ என்று சொல்லும் தாளில் உள்ள ஒரே ஒரு வாக்கியம் பல ஆண்டுகள் பலருக்குக் கதவை அடைத்து வைத்திருந்தது. அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு காட்சி. பாடசாலைக் கணினிக் கூடத்தில் ஒரு மாணவி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறாள். புள்ளி நாற்பதுக்குச் சமமா என்று சோதிக்க வேண்டிய இடத்தில் சமன் குறியை ஒருமுறை மட்டும் இட்டுவிடுகிறாள். ஜாவாஸ்கிரிப்டில் ஒற்றைச் சமன் குறி ஒப்பிடாது. அந்தப் பெட்டிக்குள் நாற்பதைப் போட்டுவிடும். நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனால் வகுப்பில் எல்லோரும் நாற்பது புள்ளி பெற்றிருப்பார்கள். நல்ல எடிட்டராக இருந்தால் அவள் அந்த வரியை முடிக்கும்போதே கீழே நெளிகோடு ஒன்று விழும். ‘இங்கே ஒப்பிட நினைத்தாயா, மதிப்பைப் போட நினைத்தாயா’ என்று கேட்கும்.

அந்த நெளிகோட்டை இழுப்பது பெரும்பாலும் எடிட்டரை எழுதியவர்களின் நிரல் அல்ல. எடிட்டர் என்பது எழுத்தைக் காட்டும் பலகை. நிரலைப் படித்து அலசுவது ஒரு கருவி, பிழையைச் சுட்டுவது இன்னொன்று, சொல்லை முடித்துத் தருவது வேறொன்று. வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு மனிதர்கள் எழுதித் திறமூலமாக வெளியிட்டவற்றைக் கோத்துத்தான் இன்றைய எடிட்டர்களில் பல உருவாகின்றன. எழுத்துப் பலகையையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. மரெய்ன் ஹாவர்பெக்கேயின் கோட்மிரர் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மொனாக்கோ இருக்கிறது. இரண்டும் எம்ஐடி உரிமத்தில் வருபவை. ஆகவே தமிழில் பேசும் ஒரு எடிட்டரைப் புத்தளத்துப் பிள்ளைகளுக்காகச் செய்ய நினைக்கும் ஆசிரியருக்கு வேலையில் பெரும்பகுதி முன்பே முடிந்துவிட்டது. அவர் செய்ய வேண்டியது கோப்பதும் தமிழாக்குவதும்தான். ஆனால் கோப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டோடும் வரும் உரிமத்தைப் படித்தாக வேண்டும்.

ஏன் படிக்க வேண்டும்? இணையத்தில் போட்டுவிட்டால் பொதுச்சொத்துதானே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியல்ல. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை நூலோடும் கட்டுரையோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடும். பதிவு வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். எழுதியவர் வாழும் காலமும் அவருக்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். உரிமத் தாள் இல்லாமல் ஒருவர் வெளியிட்ட நிரலை நாம் பார்க்கலாம், படிக்கலாம். எடுத்து நம் பொருளில் சேர்த்து மற்றவருக்குக் கொடுக்க நமக்கு அனுமதி கிடையாது.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் பிழை பார்க்கும் முதல் புகழ்பெற்ற கருவி ஜேஎஸ்லின்ட். 2002இல் அதை வெளியிட்டவர் டக்ளஸ் குரொக்ஃபோர்ட். ஜேசன் என்ற தரவு வடிவத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. இன்று உங்கள் கைபேசியில் உள்ள செயலிகளில் பல அந்த வடிவத்தில்தான் பேசிக்கொள்கின்றன. பெரிய மனிதர், தாராளமானவர். தம் கருவிகளுக்கு அவர் எம்ஐடி உரிமத்தையே எடுத்துக்கொண்டார். அது மிகச் சிறிய உரிமம்: என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என் பெயரும் இந்த அறிவிப்பும் கூடவே இருக்கட்டும், ஏதேனும் கெட்டுப்போனால் என்னைக் கேட்காதே. அவ்வளவுதான். குரொக்ஃபோர்ட் அதில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். இந்த மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்பது அதன் பொருள்.

அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின், தீயவர்களை வேட்டையாடுவோம் என்று அந்நாட்டு ஜனாதிபதி முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. தம் பங்குக்குத் தாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தே அந்த வரியைச் சேர்த்ததாகக் குரொக்ஃபோர்ட் பின்னாளில் ஒரு மேடையில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் உரிமம் சட்டப் பத்திரம். அதில் உள்ள சொல் ஒவ்வொன்றும் கட்டுப்படுத்தும்.

விளைவு என்ன? திறமூலத்துக்கு வரைவிலக்கணம் வகுத்த அமைப்பு, எந்தத் துறையில் பயன்படுத்தலாம் என்று வேலி போடும் உரிமத்தைத் திறமூல உரிமமாக ஏற்பதில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்த உரிமத்தைக் கட்டற்றதல்லாத உரிமங்களின் பட்டியலில் வைத்தது. லினக்ஸ் வழங்கலான டெபியன் தன் முதன்மைத் தொகுப்பில் இந்த உரிமம் கொண்ட நிரல்களுக்கு இடம் தரவில்லை. 2009இல் கூகுள் தன் நிரல் களஞ்சியத்திலிருந்து இதே வாக்கியத்தைக் கொண்டிருந்த ஒரு சிறு கருவியை அகற்றச் சொன்னது. பிஎச்பி மொழியின் ஜேசன் பகுதியிலும் இது ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பகுதியை முழுக்கப் புதிதாக எழுதித்தான் 2015இல் பிஎச்பி 7 வெளிவந்தது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை 2016 நவம்பரில் இந்த உரிமத்தைச் சேர்க்கக் கூடாதவற்றின் வரிசைக்கு மாற்றியது. ஒரு வாக்கியத்துக்காக எத்தனை பேருடைய எத்தனை மாத உழைப்பு!

நான் பணிபுரிந்த குழு ஒன்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மென்பொருளை முடித்துக் கையளித்தபோது, அவர்களுடைய சட்டப் பிரிவு அதை நிறுத்தி வைத்தது. நாங்கள் நேரடியாக எடுத்த கருவி ஒன்றிலும் குறை இல்லை. ஒரு கருவி நம்பியிருந்த கருவி நம்பியிருந்த இன்னொரு கருவிக்குள் இந்த வாக்கியம் கிடந்தது. அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. நன்மையா தீமையா என்று அவர்கள் விவாதிக்கவே இல்லை. தீர்ப்பளிப்பவர் யார் என்று தெரியாத நிபந்தனைக்குக் கையெழுத்திட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

ஐபிஎம் கதையையும் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தின் சட்டத்தரணி ஒருவர், தம் வாடிக்கையாளர்கள் தீமை செய்ய மாட்டார்கள் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது, ஆகவே தனி அனுமதி வேண்டும் என்று குரொக்ஃபோர்டுக்கு எழுதினாராம். அவரும் ஐபிஎம்முக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் கூட்டாளிகளுக்கும் ஏவலாளருக்கும் அதைத் தீமைக்குப் பயன்படுத்த அனுமதி எழுதிக் கொடுத்தார். மேடையில் அவர் சொன்னபோது இதற்கும் சிரிப்பொலி எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஒரு கடிதம் எழுதி விலக்குப் பெற்றுக்கொண்டது. நுரைச்சோலையிலோ முந்தலிலோ உள்ள ஒரு பாடசாலை யாருக்குக் கடிதம் எழுதும்? எழுதத்தான் வேண்டும் என்று அந்த ஆசிரியருக்கு யார் சொல்வார்கள்? நல்ல மனத்தோடு போட்ட நிபந்தனை வல்லவனைத் தடுக்கவில்லை. சட்டத்துறை வைத்துக்கொள்ள முடியாதவனை, தூரத்தில் இருப்பவனை, ஒழுங்காக நடக்க நினைப்பவனையே அது தடுத்தது.

கரைவலை இழுக்கும் நம் கரைகளில் பாடு என்ற முறை உண்டு. எந்தக் கரையில் யாருடைய வலை எப்போது இறங்கலாம் என்பது ஊருக்கெல்லாம் முன்கூட்டியே தெரியும். கடல் பொது, இழுப்பதற்கு ஒழுங்கு உண்டு. அந்த மீனை வாங்கிச் சமைக்கப் போகிறவர் நல்லவரா கெட்டவரா என்று சம்மாட்டியார் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் வலை கரையேறாது. நல்ல உரிமமும் அப்படித்தான் எல்லோருக்கும் ஒரேமாதிரி, முன்கூட்டியே தெரிந்த ஒழுங்காக இருக்க வேண்டும்.

நன்மை, தீமை என்ற சொற்களை இந்த நாட்டில் நாம் எளிதாக எடுத்துவிட முடியாது. போரிட்ட ஒவ்வொரு தரப்பும் தான் நன்மையின் பக்கம் நிற்பதாகவே நம்பியது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரையில் வந்திறங்கிய முஸ்லிம்களின் பிள்ளைகள் இந்த அவையிலும் இருப்பீர்கள். வெளியேற்றியவர்களும் தங்கள் செயலுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். ஒரு மென்பொருளின் உரிமத்தில் இப்படியொரு வாக்கியத்தை எழுதிவிட்டு, அதன் பொருளை யாரிடம் போய்க் கேட்பது?

இதன் மறுபக்கத்தையும் நம் நாடே காட்டியிருக்கிறது. சஞ்ஜீவ வீரவரண முதலானோர் 2003இல் தொடங்கிய லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சூழ்ந்திருந்த தன்னார்வலர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வாரங்களில் சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் விவரம், எந்த ஊரில் யார் உதவுகிறார்கள் என்ற கணக்கு ஆகியவை அதில் இருந்தன. அது கட்டற்ற உரிமத்தில் வெளியானது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்குத் தந்தது. பேரிடரில் முதலில் களமிறங்குவது பெரும்பாலும் இராணுவம். சஹானாவில் ‘நன்மைக்கு மட்டும்’ என்ற வரி இருந்திருந்தால், சீருடை அணிந்தவர் அதைத் தொடலாமா என்று யாராவது விவாதித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இடிபாட்டுக்குள் இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

சரி, பிழை பார்க்கும் கருவியின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் தடையை மக்கள் எப்படித் தாண்டினார்கள் என்பது அதில்தான் நன்றாகத் தெரிகிறது.

2011இல் அன்டன் கோவல்யோவ் ஜேஎஸ்லின்ட்டிலிருந்து கிளை பிரித்து ஜேஎஸ்ஹின்ட்டைத் தொடங்கினார். மூலக் கருவி தன் ஆசிரியரின் விருப்பங்களை எல்லோர்மேலும் திணிக்கிறது என்பது அவருடைய குறை. எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்று பயனரே முடிவு செய்யலாம் என்றார். கருவி வேகமாகப் பரவியது. ஆனால் மூலத்தின் நிரல் வந்த இடத்துக்கு மூலத்தின் வாக்கியமும் வந்தது. கிளை பிரித்தவருக்கு அதை அழிக்கும் உரிமை இல்லை. எக்ளிப்ஸ் போன்ற அமைப்புகள் சட்டப் பரிசோதனை இல்லாமல் வெளி நிரல் எதையும் தம் தொகுப்பில் சேர்ப்பதில்லை. ஆகவே எக்ளிப்ஸ் எடிட்டருக்கான ஜேஎஸ்ஹின்ட் இணைப்பு அமைப்பின் வீட்டுக்கு வெளியே, தனிச் செருகுநிரலாக இருந்தது. வேண்டும் என்கிறவர் தாமே தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். எடிட்டரோடு சேர்த்துக் கொடுக்க முடியாத ஒன்றைப் பயனரே பொருத்திக்கொள்ளும்படி கதவு ஒன்று விட்டுவைப்பது நேர்மையான வழிதான். ஆனால் முதன்முதலாக நிரல் எழுதும் மாணவி அந்தக் கதவைத் தேடிப் போக மாட்டாள். பெட்டியில் இல்லாதது அவளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாதது.

2013 ஜூனில் நிக்கலஸ் சாகாஸ் ஈஎஸ்லின்ட்டைத் தொடங்கினார். அவரைத் தூண்டியது உரிமச் சிக்கல் அல்ல. விதி ஒவ்வொன்றையும் தனித் துண்டாக யாரும் எழுதிச் சேர்க்கும்படி ஒரு கருவி வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதியதால் பழைய வாக்கியம் அதற்குள் நுழையவில்லை. இன்று அது எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. எக்ளிப்ஸின் உலாவி எடிட்டரான ஓரியன் அதை எடுத்துக்கொண்டது. இன்று விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களில் பலருக்கு நெளிகோட்டை இழுப்பது அதுதான்.

ஜேஎஸ்ஹின்ட்காரர்களும் விட்டுவிடவில்லை. உரிமத்தை மாற்ற வேண்டுமானால் அந்த நிரலில் ஒரு வரி எழுதியவர் உட்பட அத்தனை பேருடைய ஒப்புதலும் வேண்டும். கிடைக்காத பகுதியைப் பிடுங்கிப் புதிதாக எழுத வேண்டும். யாரும் பாராட்டாத வேலை அது. புதிய வசதி ஒன்றும் வராது, வேகம் கூடாது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த பதிப்பில் அது முழுமையான எம்ஐடி உரிமத்துக்கு வந்து சேர்ந்தது. கருவி பிறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன, பயனர்களில் பலர் ஈஎஸ்லின்ட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு குரொக்ஃபோர்டும் ஜேஎஸ்லின்ட்டைப் பொதுக்களத்துக்கே விட்டுவிட்டார். அந்த வாக்கியம் இப்போது அதில் இல்லை.

எல்லாத் தடையும் அறிவுரை வாக்கியத்தால் வருவதல்ல. ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் லைப்ரரியோடு காப்புரிமை பற்றிய ஒரு தனி நிபந்தனையை ஒட்டி வைத்திருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி அதை விலக்கியது, வேர்ட்பிரஸும் விலகப் போவதாக அறிவித்தது, செப்டெம்பரிலேயே ஃபேஸ்புக் எம்ஐடிக்கு மாறியது. பலர் சேர்ந்து கேட்டால் பெரிய நிறுவனமும் மூன்று மாதத்துக்குள் மாறும். சில வேளை இரண்டு நல்ல உரிமங்களே ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளதை ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு மட்டும் என்று சொல்லும் நிரலோடு கலக்க முடியாது, மூன்றாம் பதிப்போடு கலக்கலாம். இதற்கு விக்கிமீடியா காட்டிய வழி எனக்குப் பிடித்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் நாம் தட்டெழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியை ஜிபிஎல், எம்ஐடி இரண்டிலும் வெளியிட்டிருக்கிறார்கள். எது உனக்குப் பொருந்துமோ அதை எடுத்துக்கொள் என்பது அதன் பொருள்.

மாணவர்களே, நீங்கள் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோ கோடிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதன் மூலநிரல் 2015 நவம்பர் முதல் எம்ஐடியில் திறந்திருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்கள் இறக்கும் கோப்பு வேறொரு உரிமத்தில் வருகிறது. அதன் நீட்சிச் சந்தையை மைக்ரோசாஃப்டின் சொந்தப் பொருள்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதே மூலத்திலிருந்து யாராவது தமிழ் எடிட்டர் ஒன்று செய்தால், அந்தச் சந்தையின் கதவு அதற்கு மூடியிருக்கும். 2025 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் சி மொழி நீட்சி பிற எடிட்டர்களில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. இதற்கு மாற்றாகத்தான் எக்ளிப்ஸ் அறக்கட்டளை ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற பொதுச் சந்தையை நடத்துகிறது. நம் எடிட்டரை அதோடு இணைக்கலாம்.

2022இல் டொலர் ஒன்று 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில மாதங்களில் 360க்குத் தாவியது நினைவிருக்கும். வெளிநாட்டு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது பல நிறுவனங்களுக்கே சுமையான காலம் அது. பாடசாலைகள் திறமூலத்தை நம்புவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. நம்பும்போது முறையாக நம்ப வேண்டும் என்கிறேன். ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கருவியை இறக்கினால் அதன் கோப்புறையில் உரிமம் என்ற பெயரில் ஒரு சிறு உரைக் கோப்பு இருக்கும். அதைத் திறந்து படிக்க ஐந்து நிமிடம் போதும். அந்தக் கருவி தன்னோடு இழுத்து வரும் நூற்றுக்கணக்கான குட்டிக் கருவிகளின் உரிமங்களைப் பட்டியலிட்டுத் தரும் நிரல்களும் உண்டு. இன்னொன்று: நிரலைச் சுருக்கி ஒரே கோப்பாக்கும்போது குறிப்புரைகள் கழிக்கப்படும், ஆசிரியர் பெயரும் பதிப்புரிமை அறிவிப்பும் அவற்றோடு போய்விடலாம். எம்ஐடி கேட்பதே அந்த ஒன்றைத்தான். டெர்சர் போன்ற சுருக்கிகளில் அந்த அறிவிப்புகளைக் கழிக்காமல் விட்டுவைக்க வழி இருக்கிறது. அதை அணைத்துவிடாதீர்கள்.

தமிழ்க் கருவிகளுக்கும் இதையே சொல்வேன். நம்மவர் எத்தனையோ எழுத்துருக்களையும் சொற்பட்டியல்களையும் அன்போடு இலவசமாகத் தந்திருக்கிறார்கள். ‘தமிழ் வளர்ச்சிக்கு மட்டும்’, ‘வணிக நோக்கமின்றி’ என்று கீழே ஒரு வரி இருக்கும், அல்லது எந்த உரிமமும் இருக்காது. ‘நன்மைக்கு மட்டும்’ என்பதன் மறு வடிவங்கள்தாம் இவை. கட்டணம் வாங்கும் மாலைநேர வகுப்பு வணிகமா? ஒரு எடிட்டரோடு சேர்த்துக் கொடுத்தால் அது தமிழ் வளர்ச்சியா? யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாரும் எடுப்பதில்லை, எடுக்காததால் அந்த உழைப்பு பழைய கணினியோடு அழிகிறது.

முறையாகச் செய்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை, முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு தாராளமாகப் பரப்பலாம் என்று சொல்லி வெளியிட்டது. முத்து அண்ணாமலை எழில் நிரலாக்க மொழியை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும், ஓப்பன் தமிழ் என்ற லைப்ரரியை எம்ஐடியிலும் தந்தார். மொழியை மாற்றி வெளியிடுகிறவர் மாற்றத்தையும் அதே உரிமத்தில் திறந்து தர வேண்டும். எழுத்தைப் பிரிக்கும், எண்ணும் அடிப்படைக் கருவி எந்த மென்பொருளுக்குள்ளும் போகட்டும். அந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகப் படுகிறது.

இந்த மாவட்டத்து ஆசிரியர்களிடம் ஒரு வேலையைக் கேட்டுக்கொள்கிறேன். ஈஎஸ்லின்ட் சுட்டும் பிழைகளின் செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றில் உயர்தர மாணவர் அடிக்கடி சந்திப்பவற்றை எடுத்து, நம் வகுப்பறைத் தமிழில் எழுதுங்கள். ஒற்றைச் சமன் குறி பற்றிய செய்தியிலிருந்தே தொடங்கலாம். உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளம் நகரிலும் பிள்ளைகளிடம் காட்டி, புரியாததைத் திருத்துங்கள். கோப்பின் தலையில் எழுதியவர்கள் பெயரையும் ஆண்டையும் போட்டு, கீழே எம்ஐடி உரிமத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஒட்டுங்கள். கருவியும் அதே உரிமத்தில் இருப்பதால் எந்த எடிட்டரிலும் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். மட்டக்களப்பிலோ மதுரையிலோ ரொறன்ரோவிலோ உள்ள இன்னொரு ஆசிரியர் அதை எடுத்துத் திருத்த உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.